ஒரே கூடைத் தக்காளி

ஜனவரி 9

அன்புள்ள குருவிக்கு,

உன் அண்ணன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, அந்த ஊர்க் குளிரில் காதைப் பொத்திக்கொண்டு, பஸ்ஸை யார் மேலும் ஏற்றாமல் ஓட்டிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

என் கையெழுத்தைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்திருப்பாய். ஒன்றும் ஆகவில்லை. ஞாயிறு தவறாமல் போனில் கத்துகிறவன் ஏன் காகிதத்தைத் தேடினான் என்றால், போன் மண்டித் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது. எடுத்துக் காயவைத்துப் பார்த்தேன், உயிர் வரவில்லை. அண்ணியின் போனில் பேசலாம்தான். அதில் நீ பேசுவதும் தொட்டிக்குள்ளிருந்து பேசுவது மாதிரியே கேட்கிறது. எழுதி அனுப்பலாம் என்றால் என் விரல் ஒரே சமயத்தில் மூன்று எழுத்தை அமுக்குகிறது. அதனால் கொஞ்ச நாளைக்குக் கடிதம். கடிதத்தில் ஒரு சௌகரியம், நீ நடுவில் குறுக்கே பேச முடியாது.

மண்டிச் செய்தி கேள். போன வாரம் புதிதாக வந்த ஒரு வியாபாரி நாலு பேரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டான். 'நான் விலை கேட்டால் நீங்கள் யாரும் கேட்கக்கூடாது' என்று முன்கூட்டியே பேசி வைத்து, வெண்டைக்காயை அடிமாட்டு விலைக்கு அள்ளப் பார்த்தான். இத்தனை வருஷமாக ஏலம் போடுகிறேன், கூட்டின் வாடை எனக்கு மேடையிலேயே அடிக்கும். ஏலத்தை நிறுத்திவிட்டு இறங்கி அவன் முன்னால் போய் நின்றேன். "இந்த மண்டியில விலை வாயில இருந்து வரணும், அடுத்தவன் காதுல இருந்து வரக்கூடாது. கிளம்புங்க," என்றேன். நான் கத்தவே இல்லை, மெதுவாகத்தான் சொன்னேன். அதுதான் அவனுக்கு அதிகம் உறைத்தது என்று எடை போடுகிற நம் தராசு சொன்னார்.

தராசு உன்னை விசாரித்தார். அண்ணியும்தான். பதில் போடு.

உன் அண்ணன்


ஜனவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

குருவி எழுதுகிறேன். காது, மூக்கு, பஸ் எல்லாம் பத்திரம். நேற்று மட்டும் பனியில் ஒரு திருப்பத்தில் பஸ் தானாகக் கொஞ்சம் நடனமாடியது. பயணிகள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் "ஒண்ணும் இல்ல, உட்காருங்க" என்று நம் பாஷையிலேயே ஒரு சத்தம் போட்டேன். பாஷை புரியாமலே எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். உன் தங்கை இல்லையா.

சரி, இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். அதை நாலு தடவை படித்தேன். போன் தொட்டியில் விழுந்திருக்கலாம், இருக்கட்டும். ஆனால் நீ மெதுவாகச் சொன்னாயா? ஊரே உன்னை வெண்கலம் என்று கூப்பிடுகிறது. நீ ரகசியம் பேசினால் அடுத்த தெருவில் பதில் வரும். எனக்குப் பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்த விஷயத்தை நீ அண்ணியிடம் காதோடு காதாகச் சொல்லி, என் வாத்தியார் வீடுவரை போனது மறந்துவிட்டதா?

இன்னொன்று. 'எல்லோரும் நலம்' என்று எழுதியிருக்கிறாய். 'நான் நலம்' என்று எழுதவில்லை. உடனே அண்ணிக்குப் போன் செய்தேன். "நல்லாத்தான் இருக்காரு," என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துவிட்டார்கள். அண்ணி அடுப்பைச் சாக்குச் சொல்லி என்னிடம் போனை வைத்ததே இல்லை.

என்ன விஷயம் என்று நேராக எழுது. வேறெதுவும் எழுத வேண்டாம், மண்டிச் செய்திகூட வேண்டாம்.

உன் குருவி


பிப்ரவரி 2

அன்புள்ள குருவிக்கு,

உன் கடிதம் வந்தது. பனியில் வண்டியை மெதுவாக ஓட்டு. நடனமெல்லாம் பயணிகள் இறங்கிய பிறகு ஆடலாம்.

நீ கேட்டாய் என்பதற்காகச் சொல்கிறேன். தொண்டை கட்டியிருக்கிறது. மழைக்காலத்தில் கட்டியது, இன்னும் விடவில்லை. எங்கள் தொழிலில் இது சகஜம். தராசும் அண்ணியும் சேர்ந்து என்னை டாக்டரிடம் இழுத்துப் போனார்கள். அவர் குழாய் விட்டுப் பார்த்தார், துளி சதையெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவும் வந்துவிட்டது. நீ அங்கே உட்கார்ந்துகொண்டு கவலைப்பட்டு ஆகப்போவது ஒன்றும் இல்லை. தொண்டைக்கு ஓய்வு கொடு என்றார், கொடுத்திருக்கிறேன். இப்போது மேடையில் தராசு நின்று கத்துகிறார், நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சைகை காட்டுகிறேன். எடை போடுகிறவர் எடைதான் போட வேண்டும். ரெண்டாம் தரம் சொன்ன கையோடு மூணாம் தரத்தையும் சொல்லி முடித்துவிடுகிறார். ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில் ஒரு மூச்சு நிறுத்த வேண்டும், அந்த மூச்சில்தான் கடைசி விலை ஏறும் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவசரப்படுகிறார்.

நீ வீடு வாங்கச் சேர்க்கும் பணம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கும்படி வாங்கு.

உன் அண்ணன்


பிப்ரவரி 4

அன்புள்ள குருவிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயாவது நலமாக இரு.

உன் அண்ணன் உனக்குப் போட்ட கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் என்னிடம் படித்துக் காட்டினார். அதில் சொல்லாததை நான் சொல்கிறேன். இது தொண்டைக் கட்டு இல்லை, புற்றுநோய். குரல்வளையிலேயே வந்திருக்கிறது. முழுவதும் எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் நம்பிக்கையாகச் சொன்னார். ஆனால் தள்ளிப்போடக் கூடாதாம். எடுத்தால் குரல் போய்விடும். கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள், அதன் வழியாகத்தான் மூச்சு விட வேண்டும்.

செலவு எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தார்கள். உன் அண்ணன் அதைப் பார்த்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், டாக்டருக்கு வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். மூன்று வருஷம் மண்டியில் கத்தினால் கிடைக்கிற காசு அது. கமிஷன் வேலைதானே, காப்பீடு, சேமநிதி என்று எதுவும் இல்லை. என் நகை பாதிக்குக்கூட வராது. மண்டிக்காரர்கள் விஷயம் கேள்விப்பட்டு, ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொண்டுவந்தார்கள். வாசலிலேயே நிற்கவைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

நான் எழுதியதாகச் சொல்லாதே என்று எழுத வந்தேன். வேண்டாம், சொல்லு. நான் யாருக்குப் பயப்பட வேண்டும்?

உன் அண்ணி


பிப்ரவரி 13

அண்ணா,

நலமா என்று கேட்கமாட்டேன். அண்ணி எல்லாம் எழுதிவிட்டார்கள்.

கடிதம் வந்தபோது நான் பணிமனையில் வண்டியை எடுக்கக் காத்திருந்தேன். படித்துவிட்டு வண்டியை எடுத்தேன். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு, காலி பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. அம்மா அப்பாவுக்குப் பிறகு எனக்கு இருப்பது நீ ஒருவன்தான். எனக்கு அப்போது சடை பின்னக்கூடத் தெரியாது, உனக்கும் தெரியாது. நீ சணல் கயிறு கட்டுகிற மாதிரி என் தலையை இறுக்கிக் கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பினாய்.

என் வீட்டுப் பணம் வங்கியில் இருக்கிறது. ஆபரேஷனுக்கு அது போதும். வீடு எங்கும் ஓடிப்போகாது. வங்கிக் கணக்கு எண்ணை அண்ணியிடம் கேட்டிருக்கிறேன். நீ ஒன்றும் செய்ய வேண்டாம், தேதி மட்டும் வாங்கு.

குரல் போகும் என்று தெரியும். அதைப் பற்றி நான் என்ன எழுதினாலும் உளறலாக இருக்கும். நீ இரு. எனக்கு அது போதும்.

குருவி


பிப்ரவரி 22

அன்புள்ள குருவிக்கு,

அழாதே. பஸ் ஓட்டுகிறவள் கண்ணில் தண்ணீரோடு ஓட்டக்கூடாது, அது சட்டப்படியே தப்பு.

பணம் அனுப்பாதே. அனுப்பினால் வந்த வழியே திரும்பும். இதை நான் கோபமாகச் சொல்லவில்லை. அந்தப் பணம் நீ பனியில் விடியுமுன் எழுந்து சேர்த்தது. உன்னைப் படிக்க வைத்தது என் தொண்டை. விமானத்தில் ஏற்றியதும் என் தொண்டை. இன்றுவரை ஒருத்தரிடம் கைநீட்டாமல் இந்த வீட்டை நடத்தியதும் அதுதான். அந்தத் தொண்டையை அறுத்து எறிய உன்னிடமே காசு வாங்க வேண்டுமா? நான் பெரியவன். வாங்குகிற இடத்தில் நான் நின்றதில்லை, நிற்கவும் தெரியாது.

மண்டிக்காரர்கள் வந்ததையும் அண்ணி எழுதியிருப்பாள். அவர்கள் முகத்தில் இருந்த பரிதாபத்தைப் பார்த்தேன். தக்காளிக்கு நான் விலை ஏற்றும்போது என்னை முறைக்கிற முகங்கள் அவை. எனக்கு அந்த முறைப்புதான் வேண்டும். பரிதாபத்தை ஒரு நாள்கூட என்னால் பார்க்க முடியாது.

இருக்கிற வரைக்கும் வெண்கலமாக இருந்துவிட்டுப் போகிறேன். நேற்று ஒரு கூடைக் கத்தரிக்காய்க்கு நானே எழுந்து கத்திப் பார்த்தேன். பாதி மண்டிக்குக் கேட்டது. அண்ணிக்குச் சொல்லிவிடாதே.

உன் அண்ணன்


மார்ச் 18

அன்புள்ள குருவிக்கு,

மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபமாக இருப்பாய். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை மட்டுமாவது எழுது.

கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்வோம். மண்டியில் என் முதுகுக்குப் பின்னால் நடந்த அக்கிரமத்தைக் கேள். செவ்வாய்க்கிழமை எனக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தேன். மத்தியானம் தராசு வந்தார். கையில் ஒரு துணிப் பை. பை நிறையக் காசு. என்னவென்று கேட்டேன். தக்காளி விற்றது என்றார். எத்தனை லாரி என்றேன். ஒரு கூடை என்றார்.

ஒரே ஒரு கூடைத் தக்காளியை ஏலத்தில் விட்டிருக்கிறார்கள். ஒருவர் நல்ல விலைக்கு எடுத்தார், காசைக் கொடுத்தார், கூடையைத் திருப்பி மேடையிலேயே வைத்துவிட்டார். மறுபடி ஏலம். அடுத்தவர் எடுத்தார், அவரும் திருப்பி வைத்தார். இப்படி முழுக் காலையும். முதல் நாலைந்து ஏலம் பேசி வைத்த மாதிரி மரியாதையாக நடந்ததாம். அப்புறம் புத்தி பழைய இடத்துக்குப் போய்விட்டது. மொத்தமாக வாங்கும் லாரிக்காரர் ஒரு விலை சொல்ல, நான் ஜனவரியில் துரத்தினேனே அந்தப் புது வியாபாரி, அவன் எங்கிருந்தோ வந்து நின்று அதற்கு மேல் சொல்லியிருக்கிறான். "இது கூட்டு இல்லைங்க, நான் தனியாத்தான் கேக்கறேன்," என்று தராசிடம் விளக்கம் வேறு. ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் ஏற்றி ஏற்றி, கடைசியில் அவன் ஒரு லாரித் தக்காளியின் விலைக்கு அந்தக் கூடையை எடுத்திருக்கிறான். எடுத்த பிறகு முகம் வெளுத்துவிட்டதாம். ஆனால் சொன்ன விலைக்கு வாபஸ் இல்லை என்பது என் சட்டம். கொடுத்துவிட்டான். இதில் ஒருவர், தக்காளி நசுங்கியிருக்கிறது, விலையைக் குறையுங்கள் என்று பேரம் பேசினாராம். பத்துக் கை மாறிய தக்காளி நசுங்காமல் என்ன செய்யும்?

தராசு சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மேடையில் பொய் ஏலம். வாங்க மனமில்லாமல் விலை கேட்பதும், விற்க மனமில்லாமல் விற்பதும் என் மண்டியில் இதுவரை நடந்ததில்லை. பையைக் கட்டித் தராசின் தலையிலேயே ஏற்றி அனுப்பிவிட்டேன். பொருளுக்குச் சொந்தக்காரர் யாரோ அவரிடம் கொடுங்கள், அவர் காசு அது, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டேன். இப்போது ரெண்டு நாளாக மண்டியில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

பதில் எழுது.

உன் அண்ணன்


மார்ச் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. பனி கரைய ஆரம்பித்துவிட்டது, பஸ் ஒழுங்காக நடக்கிறது. உன் காய்ச்சல் விட்டதா?

பொருளுக்குச் சொந்தக்காரரிடம் காசைக் கொடுக்கச் சொன்னாயாம். ரொம்பச் சரி. வந்து சேர்ந்தது. அந்தக் கூடை என்னுடையது.

நான் மூன்று வாரம் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தராசுக்குப் போன் செய்தேன். ஒரு கூடைத் தக்காளிக்கான காசை அவருக்கு அனுப்பினேன், தோட்டக்காரர் ஒருவரிடம் ரொக்கம் கொடுத்து என் பெயரில் வாங்கினார். என் பெயரிலேயே மேடைக்கு வந்தது. வியாபாரி விலை கேட்டார், மூன்று தரம் சொல்லிக் கொடுத்தாயிற்று, காசு கை மாறியது. வாங்கியவர் தன் தக்காளியை எனக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார். தன் பொருளைத் தான் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் இஷ்டம், அதைத் தடுக்க உன் மண்டியில் சட்டம் இருக்கிறதா? நான் மறுபடி விற்றேன். விற்கும் மனதோடுதான் விற்றேன். அந்தப் புது வியாபாரியும் லாரிக்காரரும் வாங்கும் மனமில்லாமலா அப்படி அடித்துக்கொண்டார்கள்? பொய் ஏலம் என்று ஒரு வார்த்தை சொல்லாதே. உன் மண்டியின் எந்தச் சட்டத்தை மீறினேன் என்று காட்டு, நான் தலை குனிகிறேன்.

ஆக இது என் சம்பளம் இல்லை. என் வீட்டுப் பணமும் இல்லை, அது வங்கியில் பத்திரமாகத் தூங்குகிறது. இது தக்காளி விற்ற காசு அண்ணா. தக்காளி விற்ற காசில் எனக்குச் சோறு போட்டாய், புத்தகம் வாங்கினாய், டிக்கெட் எடுத்தாய். அதே காசைத்தான் அண்ணியின் கணக்கு வழியாகத் திருப்பித் தருகிறேன். பரிதாபம் இதில் ஒரு துளி கிடையாது. அந்த மண்டியில் இருக்கிறவர்கள் நீ உயிரோடு வந்து அவர்களிடம் விலையை ஏற்றி வயிற்றெரிச்சலைக் கிளப்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். தராசு ஏலம் போட்டால் அவர்களுக்குத்தான் லாபம். லாபத்தை விட்டுவிட்டு உன்னைக் கேட்கிறார்கள். இதைவிட மரியாதை ஒரு ஏலக்காரனுக்கு யார் செய்வார்கள்?

கமிஷன் சட்டப்படி ஏலம் போட்டவருக்கு. தராசுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன்.

தேதி வாங்கு.

உன் குருவி


ஏப்ரல் 6

அன்புள்ள குருவிக்கு,

காய்ச்சல் விட்டது.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போனேன். தராசிடம் காட்டி, இவள் சொல்வதில் ஓட்டை எங்கே என்று கேட்டேன். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, "ஓட்டை இல்லைங்க. நீங்க வளர்த்த புள்ள," என்றார். நானும் தேடிப் பார்த்தேன். இல்லை. கமிஷனை வாங்க மாட்டேன் என்று அவர் அடம்பிடித்தார், நான்தான் சத்தம் போட்டு, அதாவது சைகையில் சத்தம் போட்டு, வாங்க வைத்தேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். காசு இல்லை என்று சொல்வது எனக்கு வசதியாக இருந்தது. டாக்டர் செலவை எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இவ்வளவு பணத்துக்கு நான் எங்கே போவேன், அதனால் ஆபரேஷன் கிடையாது, அதனால் குரல் போகாது என்று கணக்குப் போட்டேன். அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது நீ அந்தச் சாக்கையும் பிடுங்கிக்கொண்டாய். நான் பயந்தாங்கொள்ளி என்று எனக்கே தெரிந்துபோயிற்று.

குரல் இல்லாமல் நான் யார் என்று எனக்குத் தெரியாது. தெருவில் போகும்போது எதிரே வருகிறவர்கள், வெண்கலம் போகிறார் என்று சொல்வார்கள். நாளைக்கு என்ன சொல்வார்கள்? இதை வாயால் கேட்கக் கூச்சமாக இருக்கும். கடிதத்தில் கேட்டுவிட்டேன்.

சரி. டாக்டரைப் போய்ப் பார்த்தேன். மறுபடி படமெடுத்தார்கள், நல்லவேளை, இன்னும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. பதினேழாம் தேதி ஆபரேஷன். அதற்குப் பிறகு வரும் கதிர் சிகிச்சைக்குத் தவணை கொடுத்திருக்கிறார்கள். அதை நான் கட்டுவேன், நான் மட்டும் கட்டுவேன், அதில் எந்தக் காய்கறியும் தலையிடக்கூடாது.

நீ இப்போது கிளம்பி வராதே. நீ வந்து அழுதால் ஆறுதல் சொல்ல எனக்கு வாய் இருக்காது. செப்டம்பரில் உனக்கு விடுமுறை இருக்கிறதே, அப்போது வா.

உன் அண்ணன்


ஏப்ரல் 17

அண்ணா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது கழுத்தில் கட்டோடு படுத்திருப்பாய். நலமாக இருக்க வேண்டும். இருந்தே ஆக வேண்டும்.

நேற்று சாயங்காலம் அண்ணியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்ததும், அண்ணிதான் என்று எடுத்தேன். உன் குரல். மணல் கொட்டுகிற மாதிரி ஒரு குரல், ஆனாலும் உன்னுடையதுதான். நலமா, சாப்பிட்டாயா என்று எதுவும் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில், "குருவி, ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கணும்," என்றாய். "சரிண்ணா," என்றேன். அப்புறம் நீ ஏலம் போட்டாய். என்ன பொருள் என்று சொல்லவில்லை. ஒரு தரம் என்றாய். ரெண்டு தரம் என்றாய். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். போன் நின்றுவிட்டது. திருப்பி அடித்தேன், கிடைக்கவில்லை.

நீ வேண்டுமென்றேதான் மூணாம் தரம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். முழு ராத்திரி அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். நாளைக்கு என்ன சொல்வார்கள்? குருவியின் அண்ணன் போகிறார் என்று சொல்வார்கள். இந்த ஊரில் இப்போதே அப்படித்தான் சொல்கிறார்கள். என் பணிமனையில் எல்லோருக்கும் உன்னைத் தெரியும்.

உன் குருவி


மே 2

அன்புள்ள குருவிக்கு,

போனில் சொன்னதுதான், இருந்தாலும் கடிதத்திலும் இருக்கட்டும். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முழுவதும் எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். மருத்துவமனையில் அவர் ஒரு சிலேட்டு வைத்துக்கொண்டு நர்சுகளோடு சண்டை போட்டார். சிலேட்டில் எழுதும்போதுகூடப் பெரிய எழுத்தாகத்தான் எழுதுகிறார்.

ராத்திரியில் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். இருபது வருஷமாக அவர் பேசிப் பேசி என் பேச்சு நடுவில் நிற்கும். இப்போது நான் பேசுகிறேன், அவர் கேட்கிறார். எனக்கு இவ்வளவு பேச இருந்தது என்று எனக்கே தெரியாது.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். கேட்டால் இல்லை என்று தலையாட்டுவார்.

உன் அண்ணி


ஜூலை 30

அன்புள்ள குருவிக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. நான் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. கதிர் சிகிச்சை முடியும்வரை பேனா பிடிக்க மனம் வரவில்லை. அது முடிந்துவிட்டது. ரெண்டு தவணை கட்டிவிட்டேன்.

உணவுக்குழாய் வழியாகக் காற்றை விட்டுப் பேச ஒரு பெண் சொல்லித் தருகிறாள். முதன்முதலாக அண்ணியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஏப்பம் என்று நினைத்து, சாப்பாடு போதுமா என்று கேட்டாள். பழக வேண்டும், நாளாகும். கழுத்துத் துளைக்கு மேல் வெள்ளைத் துணி கட்டிக்கொள்கிறேன், மண்டித் தூசி உள்ளே போகக்கூடாதாம்.

நேற்று மேடை ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை. தராசு ஏலத்தை ஆரம்பிக்கப் போனார், நான் அவர் தோளைத் தொட்டு நகரச் சொன்னேன். அவர் கையில் ஒரு கிலோ எடைக்கல் இருந்தது, அதை வாங்கிக்கொண்டேன். முதல் கூடை கத்தரிக்காய். விரலைக் காட்டி ஆரம்ப விலை வைத்தேன்.

இந்த மண்டியில் சத்தம் இல்லாத காலை நேரத்தை நான் பார்த்ததே இல்லை. சுமைக்காரர்கள், லாரி, கூடை வீசுகிற சத்தம், வசவு, எல்லாவற்றுக்கும் மேலே நான். நேற்று ஒருத்தர் வாய் திறக்கவில்லை. லாரியை அணைத்துவிட்டார்கள். விலை கேட்கிறவர்களும் விரலையே தூக்கினார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர்களாகவே செய்தார்கள். தகரக் கூரையில் புறா நடப்பது கேட்டது. என் குரல் இருந்த காலத்தில்கூட இந்த மண்டி எனக்கு இப்படிக் காது கொடுத்ததில்லை குருவி. எனக்குத் தலை நிமிர்ந்துவிட்டது. கண் கலங்கியதை வெயில் என்று நினைத்திருப்பார்கள்.

லாரிக்காரர் ஒரு விரல். புது வியாபாரி ரெண்டு. லாரிக்காரர் மூன்று. எடைக்கல்லால் மேடைப் பலகையில் ஒரு தட்டு, ஒரு தரம். இன்னொரு தட்டு, ரெண்டு தரம். அங்கே நிறுத்தினேன். ஒரு மூச்சு, முன்னால் நிறுத்துகிற மாதிரியே. முன்பெல்லாம் என் மூச்சு எனக்குக் கேட்காது, இப்போது கழுத்தில் கேட்கிறது. அவர்களுக்கும் கேட்டிருக்கும். புது வியாபாரி என்னை முறைத்தான் பார், பழைய முறைப்பு. முறைத்துக்கொண்டே நாலாவது விரலைத் தூக்கினான். முந்தின நாள் தராசு விற்ற விலையைப் போல ஒன்றரை மடங்கு.

அன்று போனில் நான் சொல்லாமல் விட்ட மூணாம் தரத்தைப் பற்றி நீ ஏதேதோ நினைத்து ராத்திரி முழுக்க விழித்திருந்தாயாம். எனக்கு அப்படி ஒன்றும் பெரிய எண்ணம் இல்லை. அண்ணியின் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். நேற்று அந்த மூன்றாவது தட்டைத் தட்டினேன். உனக்குப் பாக்கி வைத்ததையும் சேர்த்துத்தான் தட்டினேன். தெருமுனை பஸ் நிறுத்தம்வரை கேட்டதாம், அண்ணி அங்கே நின்றிருந்தாள்.

செப்டம்பரில் வரும்போது எடைக்கல் எதுவும் வாங்கி வராதே, இங்கே இருக்கிறது. வீட்டில் எல்லோரும் நலம். நானும் நலம்.

உன் அண்ணன்